கண்ணில் பட்டால்தான் குற்றம்

(திரைப்படச் சங்கக் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சற்று முன் நாம் பார்த்த 'ஃபார் ஃப்ரம் ஹெவன்' 2002இல் டாட் ஹேன்ஸ் எழுதி இயக்கிய படம். வெனிஸ் திரைப்பட விழாவில் ஜூலியான் மூருக்குச் சிறந்த நடிகை விருது, ஆஸ்கருக்கு நான்கு பரிந்துரைகள். விருதுக் கணக்கை இதோடு விட்டுவிடுவோம். நான் பேச வந்தது ஒரு வழக்கைப் பற்றி. இந்தப் படத்தில் கணவன் ஒரு காரியம் செய்கிறான், மனைவி ஒரு காரியம் செய்கிறாள். கணவன் செய்ததை அன்றைய சட்டம் குற்றம் என்றது. மனைவி செய்ததில் சட்டப்படி ஒரு தவறும் கிடையாது. ஊர் தண்டித்தது யாரை? மனைவியை. அவளைவிட அதிகமாக, அவளோடு பேசிய மனிதனை. எல்லோரையும்விட அதிகமாக, அந்த மனிதனின் பதினொரு பன்னிரண்டு வயதுதான் இருக்கும் என்று தோன்றுகிற மகளை. இது எப்படி நடந்தது என்பதுதான் படம்.

கதையை ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்வோம். 1957 இலையுதிர் காலம். கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்ட். தொலைக்காட்சிப் பெட்டி விற்கும் மேக்னடெக் நிறுவனத்தில் ஃபிராங்க் விட்டேக்கர் பெரிய அதிகாரி. மனைவி கேத்தி. ஒரு மகன், ஒரு மகள். நிறுவன விளம்பரத்துக்கே இந்தத் தம்பதியின் படத்தைத்தான் போடுகிறார்கள். ஃபிராங்க் ஆண்களை நாடுகிறவன். அதை யாருக்கும் தெரியாமல் வைத்திருக்கிறான். ஓர் இரவு, வேலை முடியவில்லை என்று சொன்ன கணவனுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு அலுவலகம் போகிற கேத்தி, அவன் இன்னொரு ஆணை முத்தமிட்டபடி நிற்பதைப் பார்த்துவிடுகிறாள். மருத்துவரிடம் போகிறார்கள். வீடு உள்ளுக்குள் இடிந்துகொண்டிருக்கும்போது, தோட்டக்காரர் ரேமண்ட் டீகனிடம் நாலு வார்த்தை மனம்விட்டுப் பேச முடிகிறது கேத்திக்கு. ரேமண்ட் கறுப்பர், மனைவியை இழந்தவர், மகள் சாராவோடு வாழ்கிறவர்.

இனி அந்த ஊரைப் பார்ப்போம். விட்டேக்கர் வீட்டு விருந்து ஒன்று வருகிறது. 1957 செப்டம்பரில் ஆர்க்கன்சா மாநிலத்து லிட்டில் ராக் பள்ளியில் ஒன்பது கறுப்பின மாணவர்கள் சேர வந்தபோது ஆளுநர் தடுத்ததும், அதிபர் ஐசனோவர் ராணுவத்தை அனுப்பியதும் நாடெங்கும் பேச்சாக இருந்த நேரம். கையில் மதுக் கோப்பையோடு ஒருவர் சொல்கிறார்: ஹார்ட்ஃபோர்டில் இப்படியெல்லாம் நடக்காது, முக்கியக் காரணம், இங்கே கறுப்பர்களே இல்லை. எல்லோரும் சிரிக்கிறார்கள். கேமரா மெல்ல நகர்ந்து, அதே அறையில் தட்டேந்தி நிற்கும் கறுப்பினப் பணியாளர்களைக் காட்டிவிட்டுப் போகிறது. இசை இல்லை, கண்டனம் இல்லை, யாரும் யாரையும் முறைக்கவும் இல்லை. சொன்னவர் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். அவர் கணக்கில் அவர்கள் இல்லைதான்.

இது இயக்குநரின் கற்பனை என்று நினைத்தால் தவறு. ஹார்ட்ஃபோர்டை ஒட்டிய மேற்கு ஹார்ட்ஃபோர்டில் 1940இல் ஒரு குடியிருப்புக்கு மனை விற்றபோது பத்திரத்திலேயே ஒரு நிபந்தனை எழுதினார்கள். வெள்ளையர் தவிர வேறு இனத்தவர் இங்கே குடியிருக்கக் கூடாது. ஆனால் வீட்டுக்காரரிடம் வேலைக்கு இருக்கும் வேற்றினத்தார் தங்குவதை இது தடுக்காது. அதாவது, சமைக்க வரலாம், துணி துவைக்க வரலாம், செடி வெட்ட வரலாம். குடியிருக்க வரக் கூடாது. இந்த நிபந்தனையின் பொருளை இந்த அரங்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

இப்படிப்பட்ட பத்திரங்கள் அமெரிக்கா முழுக்க ஆயிரக்கணக்கில் இருந்தன. வீட்டுக் கடனுக்கு உத்தரவாதம் தரும் கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம் 1934இல் உருவானது; அதுவே இத்தகைய நிபந்தனைகளை ஊக்குவித்தது. போர் முடிந்து திரும்பிய வீரர்களுக்காக 1947இல் நியூயார்க் அருகே லாங் ஐலண்டில் லெவிட்டவுன் எழுந்தது. பதினேழாயிரத்துக்கும் அதிகமான வீடுகள், அச்சில் வார்த்ததுபோல. அங்கும் வெள்ளையருக்கு மட்டும் என்ற விதி. 1948இல் உச்ச நீதிமன்றம், இத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நடைமுறைப்படுத்த முடியாது என்று தீர்ப்பளித்தது. பத்திரம் செல்லாமல் போயிற்று. பழக்கம் செல்லுபடியாகிக்கொண்டே இருந்தது. பென்சில்வேனியாவில் கட்டிய இன்னொரு லெவிட்டவுனில் 1957 ஆகஸ்டில் வில்லியம் மையர்ஸ், டெய்சி மையர்ஸ் என்ற கறுப்பினத் தம்பதி குழந்தைகளோடு குடியேறினார்கள். நூற்றுக்கணக்கானோர் வீட்டின் முன் கூடினார்கள். ஜன்னல் கண்ணாடி கல்லடியில் உடைந்தது. மாநிலக் காவல் படை வர வேண்டியிருந்தது. கேத்தியின் கதை தொடங்குவது அதற்கு அடுத்த சில வாரங்களில். இடம் வேறு, மாநிலம் வேறு. கல் மட்டும் அதே கல்.

ஆனால் ஹேன்ஸ் கும்பலைக் காட்டவில்லை. அவருடைய ஹார்ட்ஃபோர்டில் எல்லோரும் மரியாதையாகப் பேசுகிறார்கள். அங்கே காவல் வேலையைக் கண்கள் பார்க்கின்றன. உள்ளூர்ப் பத்திரிகைக்காகக் கேத்தியைப் பேட்டி காண ஓர் அம்மாள் வந்திருக்கிறார். தோட்டத்தில் யாரோ அந்நியன் நிற்பதைப் பார்த்துக் கேத்தி வெளியே போகிறாள். அவர்தான் ரேமண்ட், பழைய தோட்டக்காரரின் மகன், தந்தை இறந்துவிட்டார் என்கிறார். கேத்தி ஆறுதலாக அவர் தோளில் கை வைக்கிறாள். ஜன்னல் வழியே பேட்டி காண வந்தவர் பார்க்கிறார். என்ன ஆகிறது? ஒன்றும் ஆகவில்லை. கறுப்பர்களிடமும் அன்பு காட்டும் உத்தமி என்று பத்திரிகையில் பாராட்டி எழுதிவிடுகிறார்கள்!

பிறகு ஊரில் ஓவியக் கண்காட்சி. அங்கே ரேமண்ட் மகளோடு வந்திருக்கிறார். மீரோவின் ஓவியம் ஒன்றின் முன் இருவரும் நின்று பேசுகிறார்கள். சமய ஓவியம் விட்ட இடத்தில் நவீன ஓவியம் தொடங்குகிறது என்கிற மாதிரி ரேமண்ட் ஒரு கருத்துச் சொல்கிறார். இப்போது மற்றப் பெண்களின் தலைகள் திரும்புகின்றன. தோளில் கை வைத்தபோது திரும்பாத தலைகள்! இன்னொரு நாள் கறுப்பர்கள் கூடும் உணவகத்துக்குக் கேத்தியை ரேமண்ட் அழைத்துப் போகிறார். ஒரு மேசை, எதிரெதிரே இரண்டு நாற்காலிகள். உள்ளே போவதை மோனா என்ற பெண்மணி பார்த்துவிடுகிறாள். அன்று சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்க வம்பு.

தோளில் கை வைத்தது கருணை. மேலிருந்து கீழே இறங்குவது. அதை ஊர் பொறுத்துக்கொள்ளும், பாராட்டும், படம் போட்டுப் பத்திரிகையில் அச்சடிக்கும். ஓவியத்தின் முன் தோளோடு தோள் நிற்பது சமம். எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவது சமம். சமத்தைத்தான் ஊரால் தாங்க முடியவில்லை. அவர்களுக்குள் காதலை ஒப்புக்கொள்ளும் பேச்சுகூடக் கடைசிக் கட்டம்வரை வருவதில்லை. ஊர் அதற்கெல்லாம் காத்திருக்கவும் இல்லை.

இப்போது ஃபிராங்கின் பக்கம் வருவோம். அவனை இரக்கமில்லாமல் பார்த்தால் படத்தையே தவறவிட்டுவிடுவோம். அன்றைய அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1952இல் வெளியிட்ட நோய்ப் பட்டியலில் தன்பாலீர்ப்பு இடம்பெற்றிருந்தது. 1953இல் ஐசனோவர் பிறப்பித்த ஆணையின் பேரில் ஏராளமான தன்பாலீர்ப்பாளர்கள் அரசு வேலையை இழந்தார்கள். கனெக்டிகட்டில் 1971வரை தன்பாலுறவு தண்டனைக்குரிய குற்றம். படத்தின் தொடக்கத்திலேயே ஃபிராங்கைப் போலீஸ் பிடித்துவைத்திருக்கிறது. கேத்தி போய் அழைத்துவருகிறாள். ஏதோ தவறாகப் பிடித்துவிட்டார்கள் என்று அவன் மழுப்புகிறான். பிறகு மருத்துவர். பேச்சு வழிச் சிகிச்சை, ஹார்மோன், மின் அதிர்ச்சி என்று அடுக்குகிற அந்த மருத்துவரே, குணமாகிறவர்கள் குறைவு என்றும் சொல்லிவிடுகிறார். வெளியே வந்ததும் ஃபிராங்க் மனைவியிடம் ஆங்கிலத்தின் அந்த நாலெழுத்துக் கெட்ட வார்த்தையைச் சொல்கிறான். படம் முழுக்க அது ஒரே ஒருமுறைதான் வருகிறது. ஐம்பதுகளின் படம்போலவே எல்லோரும் நாசூக்காகப் பேசிக்கொண்டிருந்த உலகத்தில் அந்தச் சொல் விழும்போது, பார்க்கிற நமக்கே தூக்கிவாரிப்போடுகிறது. எவ்வளவு காலம் வாயை மூடிக்கொண்டிருந்தான் என்பது அந்த ஒரு சொல்லில் தெரிந்துவிடுகிறது.

ஆனால் இதே ஃபிராங்க்தான், ரேமண்டோடு மனைவியைச் சேர்த்து வம்பு வந்ததும், இத்தனை நாள் கட்டிக்காத்த என் பெயர் என்னாவது என்று வீட்டில் வந்து கத்துகிறான். இதே ஃபிராங்க்தான் ஒரு கட்டத்தில் அவளை அடிக்கிறான். நெற்றிக் காயத்தை முடியை இழுத்துவிட்டு மறைக்கிறாள் கேத்தி. ஒடுக்கப்பட்டவன் இன்னொருவரை ஒடுக்கமாட்டான் என்ற வசதியான நம்பிக்கையைப் படம் நமக்கு அனுமதிப்பதில்லை. அவனுடைய ரகசியத்தை மூட ஒரு சூட் இருக்கிறது, பதவி இருக்கிறது, வெள்ளைத் தோல் இருக்கிறது. ரேமண்டின் தோலை மூட எதுவும் இல்லை.

படத்தின் மையக் காட்சி எது என்று என்னைக் கேட்டால், நெருங்கிய தோழி எலனோரோடு கேத்தி பேசும் இடத்தைச் சொல்வேன். பேட்ரிஷியா கிளார்க்சன் நடித்த பாத்திரம். கணவனைப் பற்றிய உண்மையைக் கேத்தி முதலில் சொல்கிறாள். தன்பாலீர்ப்பாளர்களைக் கேலி பேசுகிறவள்தான் எலனோர். ஆனாலும் உருகிப்போகிறாள், தோழிக்கு ஆறுதல் சொல்கிறாள். அந்தத் தைரியத்தில் கேத்தி அடுத்ததையும் சொல்கிறாள்: ஊர் பேசுவதுபோல் எதுவும் நடக்கவில்லை, ஆனால் ரேமண்டிடம் பேசியது பெரிய ஆறுதலாக இருந்தது. எலனோர் முகத்தில் அத்தனை கனிவும் ஒரு நொடியில் வடிந்துபோகிறது. குரல் உயரவில்லை, திட்டவில்லை, விடைபெறுகிறாள், அவ்வளவுதான். சட்டப் புத்தகத்தில் குற்றமாக இருந்ததைத் தோழி மன்னித்தாள். சட்டப் புத்தகத்தில் இல்லாததை மன்னிக்கவில்லை.

சட்டம் என்று திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வெள்ளையரும் கறுப்பரும் மணப்பதைத் தடைசெய்யும் சட்டம் அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் ஏதோ ஒரு காலத்தில் இருந்தது. கனெக்டிகட்டில் ஒருபோதும் இருந்ததில்லை. கேத்தியும் ரேமண்டும் விரும்பியிருந்தால் 1957இல் ஹார்ட்ஃபோர்டில் முறைப்படி மணந்திருக்கலாம். தடுத்தது மோனாவின் கண், எலனோரின் மௌனம், பாலே நிகழ்ச்சியில் கேத்தியைக் கண்டு ஒதுங்கிக்கொண்ட தாய்மார்கள். இன்னொன்றையும் பாருங்கள். ரேமண்ட் கடைசியில் ஊரைவிட்டுப் போவது மேரிலாண்டின் பால்டிமோருக்கு. அங்கே 1967வரை அந்தத் தடைச் சட்டம் இருந்தது. சட்டம் அனுமதித்த ஊரில் வாழ முடியாமல், சட்டம் தடுத்த ஊருக்கு ஒரு மனிதன் பிழைக்கப் போகிறான். வடக்கில் இனவெறி இல்லை என்று அந்த விருந்தில் சிரித்தவர்களுக்கு இதைவிடப் பதில் வேண்டுமா?

ஏன் போகிறார்? பள்ளிக்கூடத்துப் பையன்கள் மூன்று பேர் சாராவைத் துரத்திக் கல்லால் அடிக்கிறார்கள். தலையில் காயம். கேத்திக்கு இது உடனே தெரியாது. வீட்டுப் பணிப்பெண் சிபில் சொல்லித்தான் தெரிகிறது. பதறி ஓடுகிறாள். ரேமண்ட் வீட்டு ஜன்னல்களையும் கல்லெறிந்து உடைத்திருக்கிறார்கள். எறிந்தவர்கள் கறுப்பர்கள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு தரப்புக்கும் ஒற்றுமை வந்துவிட்டது என்று கசப்பாகச் சொல்கிறார் ரேமண்ட். ஃபிராங்குக்குத் துணை கிடைக்கிறது. மயாமி விடுமுறையில் சந்தித்த இளைஞனோடு ஓர் அறையில் வாழத் தொடங்குகிறான். கேத்தி கணவனையும் தோழியையும் இழக்கிறாள். வீடும் பிள்ளைகளும் மிஞ்சுகிறார்கள். ரேமண்ட் வேலையை, வீட்டை, ஊரை இழக்கிறார். எதுவுமே செய்யாத சாரா ரத்தம் சிந்துகிறாள். கடன்பட்டவர் ஒருவர், அடைத்தவர் வேறொருவர்.

இவ்வளவையும் ஹேன்ஸ் ஏன் பழைய படம்போல எடுத்தார்? 1950களில் டக்ளஸ் சர்க் என்ற இயக்குநர் யூனிவர்சல் நிறுவனத்துக்காக எடுத்த குடும்பப் படங்களின் சாயலில் இதைச் செய்திருக்கிறார். சர்க் ஜெர்மானியர், மனைவி யூதர் என்பதால் 1937இல் நாஜி ஜெர்மனியைவிட்டு வெளியேறியவர். மரியாதையான அண்டைவீட்டார் எதற்கெல்லாம் துணைபோவார்கள் என்பதை நேரில் கண்டவர். அவருடைய 'ஆல் தட் ஹெவன் அலவ்ஸ்' 1955இல் வந்தது. ஜேன் வைமன் வசதியான விதவை. ராக் ஹட்சன் அவர் வீட்டு மரங்களை வெட்டிச் சீராக்க வருகிறவர். காதல் வருகிறது, ஊர் சிரிக்கிறது, பிள்ளைகளே எதிர்க்கிறார்கள். அம்மா காதலைத் துறந்ததும் பிள்ளைகள் கிறிஸ்துமஸ் பரிசாக ஒரு தொலைக்காட்சிப் பெட்டி வாங்கித் தருகிறார்கள். அணைந்து கிடக்கும் அதன் கண்ணாடியில் தன் முகத்தையே பார்த்தபடி அவர் உட்கார்ந்திருக்கிறார். ஹேன்ஸ் தன் ஃபிராங்கைத் தொலைக்காட்சி விற்கும் அதிகாரியாக்கியது சும்மா இல்லை.

சர்க் காலத்தில் ஹாலிவுட்டுக்கு ஒரு தணிக்கை விதித் தொகுப்பு இருந்தது; 1934 முதல் கறாராக நடைமுறைக்கு வந்தது. தன்பாலீர்ப்பும் கறுப்பர்-வெள்ளையர் காதலும் இரண்டுமே அதன் தடைப் பட்டியலில் இருந்தவை. அதனால் சர்க்கால் அந்தப் படத்தில் வயதையும் வர்க்கத்தையும் வைத்துத்தான் பேச முடிந்தது. அவருடைய நாயகன் ராக் ஹட்சனே தன்பாலீர்ப்பாளர். அதே 1955இல் தன் முகவரின் செயலாளரைத் திருமணம் செய்துகொண்டார்; மூன்றாண்டில் விவாகரத்து. எய்ட்ஸால் அவர் இறந்த 1985ஆம் ஆண்டில்தான் உலகம் அதைப் பற்றிப் பேசியது. திரையில் தோட்டக்காரராக நின்றவரின் ரகசியத்தை எடுத்துக் கணவனுக்குக் கொடுத்து, தோட்டக்காரரைக் கறுப்பராக்கினார் ஹேன்ஸ். சர்க்கால் எடுக்க முடியாமல் போன படத்தை நாற்பத்தேழு ஆண்டு கழித்து எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

பாணியும் அப்படியே. ஒளிப்பதிவாளர் எட்வர்ட் லாக்மன், ஆடை வடிவமைப்பாளர் சாண்டி பவல், இசைக்கு ஐம்பதுகளிலேயே இசையமைத்துக்கொண்டிருந்த எல்மர் பெர்ன்ஸ்டீன். தோழிகள் எல்லோரும் இலையுதிர் கால மரங்களின் சிவப்பும் பழுப்பும் உடுத்தி வருகிறார்கள், ஊரின் இலைகள்போல. கேத்தியின் ஊதாக் கழுத்துத் துணி காற்றில் பறந்து வீட்டுக் கூரைக்கு மேலே போய்விடுகிறது. எடுத்துத் தருகிறவர் ரேமண்ட். ஃபிராங்க் போகும் ரகசிய மதுக்கூடமோ பச்சை வெளிச்சத்தில் மூழ்கிக் கிடக்கிறது. இதையெல்லாம் பார்த்து, செயற்கையாக இருக்கிறது என்று வெளியே ஒரு நண்பர் சொன்னார். பீம்சிங் படங்களில் அழுது வளர்ந்த நாம் அப்படிச் சொல்லலாமா? வாய்விட்டுப் பேச அனுமதி இல்லாத வீட்டில் திரைச்சீலையும் படிக்கட்டும் வயலினும்தான் பேச வேண்டியிருக்கும். மிகையைக் கேலி செய்யாமல், கண் சிமிட்டாமல், முழு நம்பிக்கையோடு எடுத்திருக்கிறார் என்பதுதான் இந்தப் படத்தின் பலம்.

குறையே இல்லையா என்றால், உண்டு. ரேமண்ட் அளவுக்கு மீறி நல்லவர். ஓவியம் தெரியும், வணிகம் தெரியும், கோபமே வராது. கறுப்பினப் பாத்திரம் வெள்ளைப் பார்வையாளரின் அன்பைப் பெற வேண்டுமானால் அப்பழுக்கில்லாமல் இருக்க வேண்டும் என்ற பழைய ஹாலிவுட் நிபந்தனையை இந்தப் படமும் ஓரளவு ஏற்றுக்கொண்டுவிட்டது. அவருடைய வீட்டுக்குள் நாம் தனியாகப் போவதில்லை. கேத்தி போனால்தான் போகிறோம்.

ஆனால் இந்தக் குறையை இயக்குநர் அறியாமல் செய்யவில்லை என்பதற்குச் சிபில் சாட்சி. வயோலா டேவிஸ் பெரிய நட்சத்திரமாவதற்கு வெகு முன்னால் நடித்தது. கறுப்பினத்தவர் முன்னேற்றச் சங்கத்திலிருந்து ஆள்கள் வாசலுக்கு வந்து ஆதரவுக் கையெழுத்துக் கேட்கிறார்கள். கேத்திக்கு அவசரம், சமத்துவத்தில் தனக்கு நம்பிக்கை உண்டு என்று சொல்லிக்கொண்டே, தன் சார்பில் சிபிலைக் கையெழுத்துப் போடச் சொல்லிவிட்டுக் கிளம்புகிறாள். தன் உரிமைக்கான மனுவில் சிபில் முதலாளியம்மாவின் பெயரை எழுத வேண்டும்! கேத்தி கெட்டவள் இல்லை. வீட்டிலேயே இருக்கும் பெண்ணுக்கு வீட்டுக்கு வெளியே ஒரு வாழ்க்கை இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. புறநகரின் மறைந்த வாழ்க்கைகளில் ஆழமாக மறைந்திருந்தது ஃபிராங்குடையது அல்ல, சிபிலுடையது. அதை யாரும் ஒளித்துவைக்கக்கூட வேண்டியிருக்கவில்லை.

பிற்பாடு சட்டங்கள் மாறின. கலப்பு மணத் தடையை 1967இல் உச்ச நீதிமன்றம் நாடெங்கும் ஒழித்தது. வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் இனப் பாகுபாட்டை 1968இல் சட்டம் தடைசெய்தது. நோய்ப் பட்டியலிலிருந்து தன்பாலீர்ப்பு 1973இல் நீங்கியது. தன்பாலுறவைக் குற்றமாக்கிய மாநிலச் சட்டங்கள் 2003இல்தான், இந்தப் படம் வெளிவந்த அடுத்த ஆண்டில்தான், முழுதாக விழுந்தன. போராடிப் பெற்றவை, ஒன்றையும் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் சட்டம் தடுக்காததை ஊர் தடுக்கும் என்று காட்டியிருக்கும் படத்தைப் பார்த்துவிட்டு, சட்டம் மாறியதோடு கணக்கு முடிந்தது என்று நாம் வீட்டுக்குப் போக முடியாது.

அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்தப் படத்தை இன்னொரு முறை பாருங்கள். இந்த முறை கேத்தியைப் பார்க்காதீர்கள். ஜூலியான் மூர் திரையில் இருக்கும்போது அது கடினம்தான். சிபிலைப் பாருங்கள், கதவோரமாக எப்போது வருகிறாள், எப்போது போகிறாள் என்று பாருங்கள். விருந்தில் தட்டேந்தி நிற்பவர்களைப் பாருங்கள். மயாமி ஓட்டல் நீச்சல் குளத்தில் ஒரு கறுப்பினச் சிறுவன் கால் வைத்ததும் தங்கள் பிள்ளைகளைக் கரைக்கு இழுக்கும் தாய்மார்களைப் பாருங்கள். அவர்களில் ஒருத்தியைக்கூட நாம் கெட்டவள் என்று அடையாளம் காட்ட முடியாது. பார்த்த பிறகு, அடுத்த முறை யாரைப் பற்றியாவது நாலு பேர் கூடி வம்பு பேசும் இடத்தில் நீங்கள் இருக்க நேர்ந்தால், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்தப் பேச்சுக்குக் கடைசியில் கல்லடி படப்போவது யார்? அதைக் கேட்டுவிட்டுப் பேச்சைத் தொடர மனம் வந்தால் தொடருங்கள்.